எந்தத் தெரு?

நூலகத்தில் உறுப்பினராகச் சேர ஒரு படிவம் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, படிப்பு, முகவரி. முகவரியில் கதவு எண், தெரு. சாதி என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. தேவையும் இல்லை. தெரு என்ற கட்டமே போதும். மம்சாபுரத்திலோ, சுற்றியுள்ள எந்த ஊரிலோ, தெருப்பெயரைச் சொன்னால் சாதியைச் சொல்லியாயிற்று.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டத்தைப் பற்றியது. குழந்தைகளுக்கு நூலகத்தைப் பழக்குவது பற்றியும், பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுவர் நாவலை வாசிப்பது பற்றியும். ‘இயக்கப் பத்திரிகையில் இதுக்கு என்னய்யா இடம், வெட்டு குத்து நடந்துக்கிட்டு இருக்கு, நீரு கதைப் புத்தகம் பேச வந்துட்டீரு’ என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேளுங்கள். பதில் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 2001, ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், அந்த மாதிரி நூறு உண்டு. தலைமையாசிரியர் அறையில் ஒரு இரும்பு பீரோ. அதுதான் ‘நூலகம்’. கால அட்டவணையில் வாரம் ஒரு பீரியடு நூலகம் என்று போட்டிருக்கும். அந்தப் பீரியடில் கணக்கு வாத்தியார் வருவார், இல்லாவிட்டால் மைதானத்தில் முள் பொறுக்குவோம். பீரோ திறக்கிறது இன்ஸ்பெக்‌ஷன் வருகிறபோது மட்டும். அப்போது தூசி தட்ட ஆள் வேண்டும். கூப்பிடுகிறது யாரை? எங்க தெருப் பயல்களை. கக்கூஸ் கழுவக் கூப்பிடுகிற அதே வாய்தான். புத்தகத்துக்கும் எங்களுக்கும் உண்டான முதல் உறவு துடைப்பமும் துணியுமாகத்தான் ஆரம்பித்தது.

அப்படித் துடைக்கையில் கையில் வந்தது ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. நேஷனல் புக் டிரஸ்ட் போட்ட தமிழ் மொழிபெயர்ப்பு. ஜப்பான்காரி டெட்சுகோ குரோயானாகி தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதி 1981ல் வெளிவந்தது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டிவிட்டார்கள், அவள் ஆத்தா வேறு பள்ளிக்கூடம் தேடிப் போகிறாள். தரையில் உட்கார்ந்து நாலு பக்கம் ஓட்டிவிட்டேன். முதுகில் அடிஸ்கேல் விழுந்தது. ‘தூசி தட்டச் சொன்னா தொரை படிச்சுக்கிட்டு இருக்கீகளோ?’

அந்த அடி வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வலியைவிட மனதில் நின்றது அந்தச் சொல்தான். படிக்க வேண்டிய இடத்தில் படித்ததுதான் குற்றம்.

அந்த வருஷம் பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்தில் ஒரு தமிழ் டீச்சர் வந்திருந்தார். சொற்பச் சம்பளம், நிரந்தரம் கிடையாது. எப்படியோ அந்தப் புத்தகத்தை எழுதிக் கொடுத்து வெளியே எடுத்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் இருபது நிமிஷம் உரக்க வாசிப்பார். பரீட்சை கிடையாது, கேள்வி பதில் கிடையாது. கேட்டால் போதும்.

ரயில்பெட்டிகளையே வகுப்பறையாக வைத்த பள்ளிக்கூடம் அது. எங்களுக்கு ரயில் தெரியும். திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகிற வண்டி. அப்போது இன்னும் மீட்டர் கேஜ். ‘டீச்சர், அந்தப் பெட்டியில டிக்கெட் கேப்பாங்களா?’ என்று ஒருத்தன் கேட்டான். ஒருநாள் ராத்திரியில் இன்னொரு பெட்டி வந்து சேருகிறது. அது நூலகம். தலைமையாசிரியர் கோபயாஷி பிள்ளைகளிடம் சொல்லுகிறார்: எந்த வகுப்புப் பிள்ளையும் எந்தப் புத்தகத்தையும் எடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். எங்கள் வகுப்பில் அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. எல்லாருக்கும் தலைமையாசிரியர் அறை பீரோ ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது.

அந்தப் பள்ளியில் மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் என்று இரண்டு வகையும் டப்பாவில் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை டப்பாவில் எது குறைகிறதோ அதைத் தலைமையாசிரியரின் மனைவி சட்டியிலிருந்து எடுத்துப் போடுவார். எங்கள் பள்ளியில் சத்துணவு வரிசையில் நிற்பது யார், வீட்டிலிருந்து டிபன் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் தனியாக உட்காருவது யார் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு கேள்வி என்பதே அந்த நாவல் வாசித்த பிறகுதான் தெரிந்தது. வேறு மாதிரியும் இருக்கலாம் என்று தெரிந்தால்தானே இருக்கிறதைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியும்.

அந்தப் புத்தகத்தில் ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. மசாவோ என்று ஒரு கொரியப் பையன். டோட்டோவைப் பார்த்து வெறுப்போடு ‘கொரியாக்காரி’ என்று கத்துகிறான். அவள் ஜப்பானியப் பிள்ளை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவிடம் சொல்கிறாள், அம்மா கண்ணீர் விடுகிறாள். ஊர்க்காரர்கள் அந்தப் பையனை ‘கொரியன், கொரியன்’ என்று ஏசி ஏசி, அது தன் இனத்தின் பெயர் என்றே அவனுக்குத் தெரியவில்லை. அதை ஒரு வசவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். யாரையாவது ஏச வேண்டுமென்றால் அவனுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அதுதான்.

டீச்சர் அதை வாசித்து முடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்க தெருப் பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். எங்களுக்குள் சண்டை வந்தால் நாங்களே ஒருத்தனை ஒருத்தன் எந்தச் சொல்லால் ஏசிக்கொள்வோம் என்று எங்களுக்குத் தெரியும். மற்ற பிள்ளைகளில் ஒன்றிரண்டும் தலை குனிந்தது. சாதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், அந்த வகுப்பில் சாதியைப் பற்றி நடந்த ஒரே பாடம் அது. ஒரு மேடைப் பேச்சு இதைச் செய்யாது. ஒரு துண்டறிக்கை செய்யாது. நாவல் செய்யும்.

*

இனி நம் பக்கத்துக் கதை. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. பாமா பிறந்த ஊர். 1992ல் வந்த ‘கருக்கு’ நம்மில் பலர் வாசித்ததுதான். அதில் ஒரு சம்பவம். மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த பாமாவின் அண்ணன் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். பக்கத்து ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைமேல் நடந்து வருகிறார். பின்னால் வந்த நாயக்கர் ஒருவர், யாரப்பா நீ, பேரென்ன என்று விசாரிக்கிறார். பெயரில் ஒன்றும் பிடிபடவில்லை. உடனே அடுத்த கேள்வி: எந்தத் தெரு? அண்ணன் மறைக்கவில்லை. சேரித் தெரு, பறையன் என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார். மறுநாள் வேலைக்குப் போன பாட்டியிடம் அந்த நாயக்கர், உன் பேரனுக்கு அவ்வளவு திமிரா என்று கேட்கிறார்.

இதைப் பல பேர் தன்மானத்துக்கு உதாரணமாகச் சொல்லுவார்கள். சரிதான். நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். அவர் எங்கிருந்து வந்துகொண்டிருந்தார்? நூலகத்திலிருந்து. கையில் என்ன? புத்தகம். நம் பிள்ளைக்கு நூலகம் என்பது அந்தக் கட்டடம் மட்டும் இல்லை. சேரியிலிருந்து நூலகம் போகிற பாதையும் நூலகத்தில் சேர்த்தி. கண்மாய்க் கரையும் சேர்த்தி. அந்தப் பாதையில் நிற்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிவதும் நூலகப் பயிற்சிதான்.

அந்த வீட்டிலிருந்துதான் பாமா வந்தார். அந்த வீட்டிலிருந்துதான் 2024 நவம்பரில் நம்மை விட்டுப் போன ராஜ் கௌதமனும் வந்தார். சங்க இலக்கியம் முதல் அயோத்திதாசர் வரை தமிழ் ஆய்வைப் புரட்டிப் போட்டவர். நூலகத்துக்கு நடந்த கால்கள் வீண்போகவில்லை.

இங்கே மட்டுமா இந்தக் கதை? அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் கறுப்பர்களுக்குப் பொது நூலகத்தில் புத்தகம் கிடையாது. இளைஞர் ரிச்சர்ட் ரைட் என்ன செய்தார்? கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரரின் நூலக அட்டையை வாங்கி, இந்தப் பையனிடம் புத்தகம் கொடுத்தனுப்புங்கள் என்று அந்த வெள்ளைக்காரர் எழுதினமாதிரி தானே ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போனார். எழுத வாசிக்கத் தெரியாத ஏவலாள் போல் நடித்தார். 1945ல் வந்த ‘பிளாக் பாய்’ புத்தகத்தில் அதை எழுதியிருக்கிறார். 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரத்தில் டுகலு கல்லூரியின் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான பொது நூலகத்துக்குள் போனார்கள். கோஷம் போடவில்லை. புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து வாசித்தார்கள். கைது செய்யப்பட்டார்கள். வாசிப்பதே போராட்டமாக இருந்த நாள் அது.

இங்கே சட்டப்படி யாரையும் தடுக்க முடியாது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1931ல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது அவற்றில் இரண்டு. நல்ல விதிகள். அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் ஒரே விதி என்று மனுவிடமிருந்து வராத விதிகள், அதனால் எடுத்துக்கொள்வோம். அந்தச் சட்டத்தின் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கிற நூலக வரியிலிருந்து. காலனி வீட்டுக்கும் அந்த வரி உண்டு. ஆகவே நூலகம் யாரும் நமக்குப் போடுகிற பிச்சை இல்லை. கட்டின காசுக்குக் கணக்குக் கேட்கிற இடம்.

ஆனாலும் நம் பிள்ளைகள் உள்ளே போவதில்லை. ஏன்?

இதற்குப் பதில் எனக்கு என் வேலையிடத்தில் கிடைத்தது. நான் வங்கியில் குமாஸ்தா. எங்க தெருவிலிருந்து கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்த முதல் ஆள். நூறுநாள் வேலைக் காசு எடுக்க வருகிற பாட்டிமார்களைத் தினம் பார்க்கிறேன். வரிசை நகர்ந்து அவர்கள் முறை வந்த பிறகும் இரண்டடி தள்ளியே நிற்பார்கள். பாஸ்புக்கைக் கையை நீட்டி எட்டி வைப்பார்கள். ‘சாமி, செத்த இதப் பாத்துச் சொல்லுங்க.’ அவர்கள் காசு. அவர்கள் பேரில் இருக்கிற கணக்கு. ஆனாலும் கேட்கிறது யாசகம் கேட்கிற குரலில். அந்த இரண்டடி இருக்கிறதே, அது தூரமில்லை தோழர்களே, அது வரலாறு. ‘கிட்ட வாங்கத்தா’ என்று நான் சொன்னால் சிலர் வருவார்கள். சிலர் நான் சொன்ன பிறகும் அங்கேயே நிற்பார்கள்.

நூலகத்துக்குப் போகிற நம் பிள்ளையும் அந்த இரண்டடியைத் தூக்கிக்கொண்டுதான் போகிறது. நான் எட்டாம் வகுப்பில் ஒரு நூலகத்துக்கு முதன்முதலாகப் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் பெயரைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். ‘ஜாமீன் கையெழுத்து யார் போடுவா உனக்கு?’ என்றார். புத்தகம் தர மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. நான்தான் திரும்பி வந்தேன். இரண்டு வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை. தடுப்பது இப்போது இப்படித்தான் நடக்கிறது. கதவைச் சாத்துவதில்லை. கேள்வி கேட்பார்கள், நாம் திரும்பிவிடுவோம்.

பெயருக்கும் இதே கதிதான். 1997ல் எனக்கு ஏழு வயது. எழுத்துக்கூட்டிப் பஸ் போர்டு வாசிக்கிற வயது. விருதுநகர் மாவட்டத்துக்கு ஏற்படுத்திய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்க சாதி. கலவரம், உயிர்ப்பலி. கடைசியில் அந்த வருஷமே எல்லாத் தலைவர்கள் பெயரையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸில் எழுதின பெயரையே தாங்க முடியாத சமூகம், நூலகப் பதிவேட்டில் நம் பிள்ளையின் பெயரை மட்டும் சும்மா பார்த்துவிடுமா?

*

நம் தவறையும் பேச வேண்டும். பேசாவிட்டால் இது வெறும் ஒப்பாரி.

கற்பி, கலகம் செய், ஒன்றுசேர் என்று சுவரெல்லாம் எழுதினோம். சிலை வைத்தோம். காலனியில் மாலைநேர டியூஷன் நடத்தினோம். அந்த டியூஷனில் என்ன செய்தோம்? பள்ளிக்கூடத்தில் செய்த அதே மனப்பாடத்தை ராத்திரியிலும் செய்தோம். ஒரு கதைப் புத்தகம் வைத்தோமா? நானே ஒரு டியூஷனில் நாலு வருஷம் பாடம் எடுத்தவன். ஒரு பிள்ளை கதைப் புத்தகம் கொண்டுவந்தபோது ‘முதல்ல கணக்கப் போடு’ என்று பிடுங்கி வைத்தவன். அடிஸ்கேல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கதை மேல்தட்டுப் பிள்ளைகளுக்கு, நம் பிள்ளைக்கு மார்க் என்று நாமே பிரித்துவிட்டோம். பிரிக்கிற வேலையை எதிராளி செய்யத் தேவையில்லாமல் போயிற்று.

அம்பேத்கரின் இளமையை நினைத்துப் பாருங்கள். பம்பாய் சர்னி ரோடு தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்த பையனைக் கவனித்தவர் கேளுஸ்கர். 1907ல் மெட்ரிக் தேறியபோது தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பரோடா மன்னரின் உதவித்தொகைக்கும் வழி செய்தார். 1956ல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய பாதையின் தொடக்கத்தில், பாடப்புத்தகம் அல்லாத ஒரு புத்தகம் இருக்கிறது. பிற்பாடு அவர் தாதரில் கட்டிய ராஜகிருகம் என்கிற வீடும் புத்தகங்களுக்காகவே கட்டியது. நாம் அவர் சுட்டுவிரலைப் பார்த்தோம். இன்னொரு கையில் இருக்கிற புத்தகத்தை அரசியல் சாசனம் என்று மட்டும் நினைத்துக்கொண்டோம்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, கேட்கப் பழக்குவது. ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நூலகம் போங்கள். நீங்கள் பேசாதீர்கள். பிள்ளை பேசட்டும். ‘இந்தப் புத்தகம் வேணும், எங்க இருக்கு?’ இவ்வளவுதான். முதல் தடவை குரல் வராது. மூன்றாம் தடவை வரும்.

இரண்டு, தேடப் பழக்குவது. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கிற எண் பூச்சாண்டி இல்லை. டூயி தசம முறையில் 894.811 என்றால் தமிழ் இலக்கியம். பிள்ளைகள் இதை விளையாட்டு மாதிரிக் கற்றுக்கொள்வார்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: 1876ல் இந்த முறையை உண்டாக்கிய மெல்வில் டூயி, யூதர்களையும் கறுப்பர்களையும் சேர்க்காத ஒரு கிளப்பை நடத்தியவர். 2019ல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் விருதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. அவர் முறையில் மதத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கு. பௌத்தம் உட்பட உலகத்தின் மற்ற மதமெல்லாம் 290க்குள் ஒண்டுக்குடித்தனம். வரிசைப்படுத்துவது யார், வரிசையில் யாருக்கு எவ்வளவு இடம் என்று கேட்கிற பிள்ளைதான் சாதியின் வரிசையையும் கேட்கும்.

மூன்று, பொருளடக்கம் பார்க்க, பதிப்பித்த வருஷம் பார்க்க, சொல்லடைவில் தேடப் பழக்குவது. ஒருத்தர் ‘அந்தப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது’ என்று மேடையில் அளந்தால், ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்க வேண்டும். நம் மேடைகளில் பேசுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான்கு, ஒரு முழு நாவல். துண்டுப் பகுதி இல்லை, சுருக்கம் இல்லை. தினம் இருபது நிமிஷம், உரக்க, கேள்வித்தாள் இல்லாமல்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற எனப் படிப்படியாகச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறது. நல்ல காரியம். மதுரையில் 2023ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அதுவும் நல்ல காரியம். ஆனால் களையெடுக்கப் போகிற வீட்டுப் பிள்ளை பஸ் ஏறி மதுரை போய்ப் படிக்க முடியாது. அதன் நூலகம் அந்த இரும்பு பீரோதான். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2023ல் அதே வருஷம்தான் நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு 2024ல் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற சாதிக் கயிற்றைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுக்க உத்தரவு போதும். அந்தக் கை அடுத்து எதைப் பிடிக்கும்? அங்கேதான் நாவல் வேண்டும். மசாவோவைக் கேட்டுத் தலை குனிந்த அந்த ஒன்றிரண்டு ஊர்த்தெருப் பிள்ளைகளை நான் மறக்கவில்லை. நாவல் நம் பிள்ளைக்கு மட்டும் தேவையான மருந்து இல்லை.

டோட்டோ-சான் நம் பிள்ளை இல்லை என்பதும் உண்மை. அவள் அப்பா வயலின் கலைஞர், அவளுக்கு நாயும் உண்டு, நல்ல உடுப்பும் உண்டு. நம் தெருப் பிள்ளை நாயகனாக, அழாமல், பாவப்படாமல், குறும்பு செய்து ஊர் சுற்றுகிற சிறுவர் நாவல் எத்தனை இருக்கிறது? விரல் மடக்கி எண்ணிவிடலாம். கவிதை எழுதுகிற நான் உட்பட நாமெல்லாரும் பெரியவர்களுக்கு மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறோம். ரணத்தை எழுதினோம், வேண்டியதுதான். கண்மாயில் நம் பிள்ளைகள் போட்ட ஆட்டத்தை யார் எழுதுவது?

போன கோடை லீவில் எங்க தெருப் பிள்ளைகள் ஆறு பேரை நூலகம் கூட்டிப் போனேன். படிவம் வாங்கி உட்கார்ந்து நிரப்பினார்கள். தெரு என்கிற கட்டம் வந்தது. ஒரு பயல் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஏழாவது படிக்கிற பிள்ளை அவன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, ‘என்னல முழிக்கே? அம்பேத்கர் தெருன்னு எழுது. ‘த்’துக்குப் புள்ளி வைக்க மறந்துராத’ என்றாள்.

வாங்கினவர் பார்த்தார். அட்டை போட்டுக் கொடுத்தார். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடக்காத இடத்தில் என்ன செய்வது என்பதை அந்தந்த ஊர்த் தோழர்கள் எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்பதை விசாரித்து எழுதுங்கள். அடுத்த இதழில் அதைப் பட்டியலாகப் போடுவோம்.